தீப்பெட்டியும் ஃபெயின்மனும்

"எலக்ட்ரான் ஒரே நேரத்துல எல்லாப் பாதையிலயும் போகுமாம்பா!" நம் வீட்டுப் பிள்ளைகள் யூட்யூபில் பார்த்துவிட்டு வந்து சொல்வது இது. ஃபெயின்மனின் பாத் இன்டக்ரல் சமாச்சாரம்தான். அதை மாயாஜாலம் மாதிரி காட்டிவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் உண்டு.

1925-ல் ஹைசன்பர்க்கும் பார்னும் கண்டது என்ன? இருப்பிடம், உந்தம் இரண்டையும் பெருக்கும்போது, எது முதலில் என்பதைப் பொறுத்து விடை மாறும். கோட்டிங்கனில் பார்னின் கல்லறையில் இந்தச் சமன்பாட்டைத்தான் பொறித்திருக்கிறார்கள். 1948-ல் ஃபெயின்மன் எழுதிய கட்டுரையிலோ (விதை 1933-ல் டிராக் போட்டது) கூட்டுவதெல்லாம் சாதாரண எண்கள். அப்பாடா, வரிசைத் தொல்லை ஒழிந்தது என்று தோன்றும். ஒழியவே இல்லை!

ஒரு தீப்பெட்டியை எடுங்கள் (குச்சிகளை எடுத்துவிட்டு, சாமி). முன்பக்கம் 90 டிகிரி கவிழ்த்து, பிறகு வலப்பக்கம் 90 டிகிரி கவிழுங்கள். திரும்ப முதலிலிருந்து, வரிசையை மாற்றிச் செய்யுங்கள். மேலே இருந்த படம் முதல் தடவை முன்னால் பார்க்கும், இரண்டாம் தடவை வலப்பக்கம் பார்க்கும். ஆனால் ஒரே ஒரு டிகிரி திருப்பினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கோணம் பத்தில் ஒரு பங்கானால், வித்தியாசம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

ஃபெயின்மன் வழியின் உயிர் இதில்தான் இருக்கிறது. எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் உந்தத்தைச் சார்ந்தது, நிலை ஆற்றல் இருப்பிடத்தைச் சார்ந்தது. இரண்டும் வரிசை மாற்றினால் ஒத்துப்போகாது. அதனால் நேரத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் முதலில் இது, பிறகு அது என்று செய்கிறோம். ஆயிரம் துண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு, மொத்தம் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்னும் நறுக்கினால் இன்னும் தேயும். இப்படி நறுக்கலாம் என்பதற்கான கணிதத் தேற்றத்தை 1959-ல் நிறுவியவர் டிராட்டர். துண்டுக்குத் துண்டு எலக்ட்ரான் எங்கே இருந்திருக்கலாம் என்று எல்லா இடங்களையும் கூட்டுகிறோமே, அவை கோத்து வருவதுதான் அந்த "எல்லாப் பாதை".

ஒத்துப்போயிருந்தால் நறுக்கவே வேண்டாம், ஒரே துண்டு போதும். என்னைக் கேட்டால், வரிசையைச் சொல்லாமல் பாதையைச் சொல்வது பாதிக் கதை.

பிளஸ் டூ மேட்ரிக்ஸ் பாடத்தில் இதே விதி இருக்கிறது. கோச்சிங்கில் "ஞாபகம் வெச்சுக்கோ, நெக்ஸ்ட்" என்று தாண்டிவிடுகிறார்கள். அதனால் இங்கே புனேயில் எங்கள் அபார்ட்மெண்ட் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஞாயிறு சாயங்காலம் தீப்பெட்டியோடு ஆரம்பித்திருக்கிறேன். தமிழில்தான். இரண்டாம் வாரமே ஒரு பெண், "மூணு திருப்பம் இருந்தா எத்தனை விடை வரும் அங்கிள்?" என்றாள். அன்று ஆறு தீப்பெட்டி தேவைப்பட்டது.