அம்மாவும் வரட்டும், மொரீஷியஸுக்கு!

இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அம்மாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிடித்துக்கொண்டால் நாலு அடி நடப்பார், மற்றபடி வீல்சேர்தான். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பிள்ளைகள் கடல், தீவு என்று குதிக்கிறார்கள். கணவருக்கு, போகிற ஊரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொண்டு வர வேண்டும். அண்ணன், 'அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு எல்லாரும் மொரீஷியஸ் போகலாம்' என்கிறார். அம்மாவும் 'நீங்க போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அம்மாவோடு போக முடியுமா?"

முடியும். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை கொஞ்சம் அதிகம். அம்மாவின் 'போய்ட்டு வாங்க'வை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பாதி நேரம் அந்த வார்த்தையைச் சொல்வது, தங்களால் யாருக்கும் தொல்லை வேண்டாம் என்றுதான்.

மொரீஷியஸைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. தீவு சின்னது, வடக்கிலிருந்து தெற்குக்கு சுமார் 65 கிலோமீட்டர்தான். எங்கே போனாலும் ராத்திரிக்குள் அதே அறைக்குத் திரும்பிவிடலாம். வீல்சேரில் இருப்பவரைத் தினம் ஒரு ஹோட்டலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம் பதிவு செய்த சான்று இரண்டையும் கையில் வைத்திருங்கள். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அதனால் அம்மாவின் மாத்திரை நேரம் பெரிதாகக் குழம்பாது.

எப்போது போவது?

தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. மஞ்சளும் ரோஸுமாக உடை, பூக்காவடி, அலகு, அரோகரா எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் க்ரெயோல் மொழியில் ஓடும். உங்கள் கணவர் கேட்ட 'நாலு விஷயம்' ஒரே நாளில் கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். அதுதான் அங்கே சூறாவளிக் காலம். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். எச்சரிக்கையை நான்கு வகுப்பாகப் பிரித்து அறிவிப்பார்கள். மூன்றாவது வந்துவிட்டால் பஸ், கடை எல்லாம் நின்றுவிடும். வெயிலும் புழுக்கமும் வேறு. இதோடு காவடி நாள் கூட்டத்தில் வீல்சேரைத் தள்ளுவது எளிதில்லை.

மே முதல் அக்டோபர் வரை அங்கே குளிர்காலம். குளிர்காலம் என்றாலும் ஊட்டி அளவுக்கு இல்லை. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஜூலை, ஆகஸ்டில் கிழக்குக் கரையில் காற்று பிய்த்துவிடும், வடக்கும் மேற்கும் அமைதியாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது மே அல்லது செப்டம்பர், தங்குவது வடக்குக் கரை. ட்ரூ ஓ பிஷ், மோன் ஷுவாசி கடற்கரைகள் அந்தப் பக்கம்தான். போர்ட் லூயி நகரமும், பாம்ப்ளெமூஸ் தோட்டமும் அங்கிருந்து பக்கம். விமான நிலையம் மட்டும் தென்கிழக்கு மூலையில். காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும்.

விமானத்தில்

மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு, சுமார் ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து நேரடிச் சேவை இருந்த காலமும் உண்டு, இல்லாத காலமும் உண்டு. பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

'வீல்சேர் வேண்டும்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். விமான நிறுவனங்களிடம் இதற்கு மூன்று குறியீடு இருக்கிறது. டபிள்யூ.சி.ஹெச்.ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார். டபிள்யூ.சி.ஹெச்.எஸ் என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் சீட் வரை நடப்பார். டபிள்யூ.சி.ஹெச்.சி என்றால் சீட் வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு மூன்றாவதைக் கேட்பதுதான் பாதுகாப்பு. 48 மணி நேரம் முன்பாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த வீல்சேரை விமானக் கதவு வரை கொண்டுபோகலாமா, இறங்கும் ஊரிலும் கதவருகே அதுவே வருமா என்றும் கேளுங்கள். கால் வைக்கும் பலகை, குஷன் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தனித்தனியாகத் தொலைவது இவைதான். பேட்டரி வீல்சேர் என்றால் பேட்டரி விவரத்தை முன்பே எழுதிக் கேட்பார்கள்.

மருந்து விஷயத்தில் மொரீஷியஸ் கண்டிப்பான நாடு. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வீரியமான வலிநிவாரணி போன்றவற்றுக்கு முன்அனுமதி தேவைப்படலாம். அம்மாவின் மாத்திரைப் பட்டியலை டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் டைப் செய்து வாங்கி, டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்துக்கு மெயில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். இதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஹோட்டலிடம் கேட்கவேண்டியது

'வீல்சேர் வசதி உண்டு' என்று எல்லா ஹோட்டலும் எழுதியிருக்கும். சிலருக்கு அதன் அர்த்தம், வாசலில் ஒரு சாய்வுப் பலகை இருக்கிறது என்பது மட்டும்தான். அதனால் வார்த்தையைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். முதலில் வீட்டில் டேப் எடுத்து அம்மாவின் வீல்சேர் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர், பாத்ரூம் கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். இடிக்கிற கதவு எப்போதுமே பாத்ரூம் கதவுதான். 80 இருந்தால் நிம்மதி.

அடுத்து, குளிக்கும் இடம். கடற்கரை ஹோட்டல்கள் பலவற்றில் பெருமையாக பாத்டப் வைத்திருப்பார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது சுவர் ஏறிக் குதிப்பது மாதிரி. தரைமட்ட ஷவர், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அம்மாவின் நல்ல கைப் பக்கம் பிடிமானக் கம்பி என்று கேளுங்கள். எந்தக் கை நல்ல கை என்பதைச் சொல்ல மறக்கவேண்டாம். கம்பி தப்பான பக்கம் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

பிறகு, அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரை வழி எப்படி? அழகுக்காக மணலும் கூழாங்கல்லும் கொட்டிய பாதையில் வீல்சேர் ஒரு அடி நகராது. சாய்தளம் இருந்தால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு இடுப்பு போய்விடும். இத்தனையையும் எழுதிக் கேட்பதைவிட, வாட்ஸ்அப் வீடியோ காலில் ஒருவரை அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரை நடக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த ஹோட்டல்.

சாப்பாடு

இதற்குத்தான் நீங்கள் ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகக் குறைவாகக் கவலை இருப்பதும் இதில்தான்.

தீவின் தெருவோர உணவே தால் பூரி. பருப்பை அரைத்து உள்ளே வைத்துத் தேய்த்த, நம் பருப்புப் போளியின் காரச் சகோதரி. மொச்சை மாதிரி ஒரு பெரிய பயறுக் குழம்பு, தக்காளித் தொக்கு, ஊறுகாய் வைத்துச் சுருட்டி, ஜோடியாகத்தான் தருவார்கள். காரம் வேண்டாம் என்றால் 'சான் பிமான்'. 'காத்தோ பிமான்' என்று ஒன்று விற்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வாயில் போட்டால் பருப்பு வடை! அங்கே அதை வெண்ணெய் தடவிய ப்ரெட்டுக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். போர்ட் லூயி மார்க்கெட்டில் 'அலூடா' குடியுங்கள். சப்ஜா விதையும் கடல்பாசி ஜெல்லியும் போட்ட குளிர்ந்த பால். பிள்ளைகள் மறுநாளும் கேட்பார்கள்.

அம்மாவை மார்க்கெட்டுக்கு அழைத்துப்போவது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. முருங்கைக்கீரைக்கு அங்கே பெயர் 'ப்ரெட் மூரூம்'. கறிவேப்பிலை 'கரிபூலே', கொத்தமல்லி 'கொத்தோமிலி', பீர்க்கங்காய் 'பிபங்காய்', ரசம் 'ராசோன்'. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1730களில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களாகப் போனவர்களும், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களும் விட்டுப்போன சொற்கள். பேசுகிற மொழி போய்விட்டது, காய்கறிக் கூடையில் மிச்சம் இருக்கிறது. கையில் வாங்கும் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். அதை அம்மா கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கோயில் விசேஷம் வாய்த்தால் 'செட் கரி' கிடைக்கும். வாழை இலையில் சோறும் ஏழு காய்கறி வகைகளும், முழுச் சைவம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டிய இடங்களும் உண்டு. வறுத்த நூடுல்ஸில் முட்டையும் சிப்பி சாஸும் இருக்கும். சௌசௌ போட்ட வெள்ளை உருண்டை பார்க்கச் சைவம் போலிருக்கும், உள்ளே இறால் இருக்கலாம். கீரைச் சாற்றில்கூட சில வீடுகளில் காய்ந்த இறால் போடுவார்கள். அதனால் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: 'மோ பா மான்ஜ் லவியான், பா மான்ஜ் ப்வாசோன், பா மான்ஜ் டிஸெஃப்'. கறி, மீன், முட்டை மூன்றும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். விரதத்துக்கு அங்கே 'கரெம்' என்பார்கள். காவடிக்கு முன் கரெம் இருந்து பழகிய ஊர் என்பதால், சைவம் என்றால் ஆச்சரியமாகப் பார்க்கமாட்டார்கள்.

நம் ஊர்க் கறிவேப்பிலை, பச்சைக் காய், விதை எதையும் பெட்டியில் போடாதீர்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

எங்கே போகலாம், எதை விடலாம்

பாம்ப்ளெமூஸ் தாவரவியல் தோட்டம் முதலிடம். சமதளம், அகலமான பாதை, நிழல். தாம்பாளம் போன்ற ராட்சத அல்லி இலைகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தாளிப்பனையை நீங்கள் பாருங்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, செத்துப்போகும் மரம்.

போர்ட் லூயி துறைமுகத்தருகே ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய இடம், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சுமார் நாலரை லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்திறங்கினார்கள். அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் இருக்கின்றன. அம்மா அவற்றில் ஏறவேண்டியதில்லை. வீல்சேரோடு எதுவரை வரலாம் என்று முன்பே போன் செய்து கேட்டுவிட்டால் போதும். நகரின் நடைபாதைகள் குறுகல், திட்டும் உயரம். எனவே வண்டியை வாசல் வரை கொண்டுபோங்கள். கைலாசோன் என்று அவர்கள் சொல்லும் மீனாட்சி அம்மன் கோயிலும் நகரில்தான். கோபுரத்தைப் பார்த்தால் மதுரை ஞாபகம் வரும்.

மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் 2020இல் ஓடத் தொடங்கியது. கட்டியது நம் எல் அண்ட் டி. தாழ்தளப் பெட்டி என்பதால் வீல்சேரை நேராக உள்ளே தள்ளலாம். போர்ட் லூயியிலிருந்து க்யூர்பிப் வரை ஒருமுறை போய் வாருங்கள். ஊர்க்காரர்களைப் பார்க்க அதைவிட நல்ல வழியில்லை. கடற்கரைப் பக்கம் அது போகாது. மற்ற நாட்களுக்கு டிரைவரோடு ஒரு வேன், நாள் கணக்கில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கங்கா தலாவ் ஏரி வரை கார் போகும். 33 மீட்டர் சிவன் சிலை சாலையோரத்திலேயே நிற்கிறது. மேலே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் த கார்ட் மலை முருகன் கோயில் படிகள் நிறைய. அது உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். லே மோர்ன் மலையும் அப்படித்தான், ஏறவேண்டாம், கீழே கடற்கரையிலிருந்து பார்த்தாலே போதும். கண்ணாடித்தரைப் படகில் மணலிலிருந்தே ஏற வேண்டியிருக்கும் என்பதால் அம்மாவுக்கு அது சரிவராது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கும் போகாதீர்கள். மோன் ஷுவாசி கடற்கரையில் சவுக்கு மர நிழலில் ஊர்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். மணலில் போகும் பருத்த டயர் வீல்சேர் சில ஹோட்டல்களில் இருக்கும், முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் கைகோத்துத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் காலைத் தண்ணீரில் வைக்கலாம்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்கள் அண்ணனாக இருக்கட்டும். கடிதம் முழுக்க அம்மா, பிள்ளைகள், கணவர் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அங்கேயும் உங்கள் தலையில் விழுந்தால் அது உங்களுக்கு விடுமுறை இல்லை. ஆறு நாள் பயணத்தில் இரண்டு காலைப்பொழுது அண்ணன் பொறுப்பு என்று டிக்கெட் போடும்போதே பேசிவிடுங்கள். அந்த இரண்டு காலையும் அம்மாவோடு இருப்பவர் அவர், மலை ஏறுவதோ தூங்குவதோ உங்கள் இஷ்டம்.

அண்ணனிடம் பேசுவதற்கு முன்னால் அம்மாவிடம் போய், வீல்சேர் அகலத்தை அளக்க டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார். சொல்லுங்கள்.