பாட்டியின் குரல் யூடியூபில் கிடைக்காது!



வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றிவிடுங்கள் என்று சொன்னால், உடனே ஒரு கேள்வி எழுகின்றது. "எல்லாப் பாட்டும்தான் யூடியூபில் இருக்கிறதே டீச்சர், பிறகு எதற்கு இந்த வேலை?"

கேள்வி நியாயமானதே. கடையில் வாங்கிய திரைப்பாடல் நாடாக்களுக்காக யாரும் ஒரு மணி நேரத்தைக்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. அவற்றின் படிகள் உலகெங்கும் உள்ளன. ஆனால், அதே பெட்டியின் அடியில் பெயர் எழுதாத நாடாக்கள் சில கிடக்குமே, அவற்றை எடுத்துப் பார்த்ததுண்டா? தாத்தா தம் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லியிருப்பார். பாட்டி தாலாட்டுப் பாடியிருப்பார். பள்ளியின் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை இருக்கும். அவற்றுக்கு உலகில் ஒரே ஒரு படிதான் உண்டு. அது உங்கள் வீட்டில் இருக்கின்றது!

நம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர், செபராங் பிறையிலோ கெடாவிலோ ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், நிரை, ஆயாக் கொட்டகை ஆகிய சொற்களை இன்றைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. சொல்லின் பொருளை நூலில் எழுதி வைக்கலாம். அச்சொல்லை ஒரு பால்மரத் தொழிலாளி எப்படி உச்சரித்தார், எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் குரல் தழுதழுத்தார் என்பதை எழுத்தில் காட்ட முடியுமா? எங்கள் வீட்டில் என் பாட்டி பேசிய நாடா ஒன்று உண்டு. விடியற்காலைப் பெரட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அவர் சொல்லும்போது, பின்னணியில் சேவல் கூவுகின்றது. எந்தப் பாடநூலும் எனக்குத் தராத வரலாறு அது.

அண்டை நாடான சிங்கப்பூர், 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவைத் தொடங்கி முதியவர்களின் குரல்களைப் பதிவு செய்தது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான வேதனையை அறிந்த ஈழத்தமிழர்கள், 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். இன்று அவர்கள் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்துப் பாதுகாக்கின்றனர். அது தன்னார்வலர்கள் தொடங்கிய பணி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அரசாங்கம் வரட்டும், சங்கம் வரட்டும் என்று காத்திருக்க நமக்கும் நேரமில்லை.

ஏன் நேரமில்லை? ஒலிநாடாவைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் பூசப்பட்ட காந்தத் துகள்களே குரலைத் தாங்கியுள்ளன. ஈரப்பதம் அதற்குப் பகை. மலையடிவாரமான நம் ஊரில் அலமாரியில் வைத்த தோல் காலணிக்கே பூஞ்சணம் பிடிக்கின்றது, நாடா எம்மாத்திரம்? இயக்கும் கருவியும் அரிதாகி வருகின்றது. சோனி நிறுவனம் ஜப்பானில் ஒலிநாடா வாக்மேன் தயாரிப்பை 2010இல் நிறுத்திக்கொண்டது. யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் காந்த நாடாக்கள் குறித்து ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கி, 2025ஆம் ஆண்டையே எல்லையாகக் குறித்தன. அந்த எல்லைக்கு நாம் வந்துவிட்டோம்.

கடையில் கொடுத்து மாற்றலாமே என்பர் சிலர். மாற்றலாம். ஆனால், பேசுபவர் பெரியப்பாவா சித்தப்பாவா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய அத்தை நம் வீட்டில்தான் இருக்கின்றார். அவரை அருகில் அமர்த்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

செய்முறை எளிது:

1. நாடாப் பேழையின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை முதலில் உடைத்துவிடுங்கள். பிறகு தவறியும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது.

2. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்த நாடாவை ஓட்டாதீர்கள். தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றை ஒருமுறை முன்னும் பின்னும் முழுமையாகச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள்.

3. கருவியின் ஒலிமுனையைப் பஞ்சில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மங்கலான குரல் தெளிவதற்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

4. கருவியின் ஒலி வெளியீட்டைக் கம்பி வழியாகக் கணினியின் ஒலி உள்ளீட்டில் இணையுங்கள். மடிக்கணினியில் அவ்வசதி இல்லையெனில் யூஎஸ்பி ஒலிமாற்றி வாங்குங்கள். ஓடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது.

5. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவில் பதியுங்கள். 60 நிமிட நாடா ஏறத்தாழ 1 கிகாபைட் இடம் கொள்ளும். வாட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்ப எம்பி3 படி ஒன்றைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. இரைச்சலை நீக்குவதாயின் படியில் மட்டும் நீக்குங்கள். மழையொலியும் சேவலொலியும் இரைச்சல் அல்ல!

7. ஆண்டு, ஊர், பேசுபவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மாற்றிய பின்னும் நாடாவை எறியாதீர்கள்.

குரலைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன், பேசியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெறுவது பண்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் காலத்தில் கேட்டல் திறனுக்காக ஒலிநாடாவில் பயிற்றுத் துணைப்பொருள் செய்த தலைமுறை நாம். இன்று பள்ளிக் கிடங்கில் நாடாக்கள் இருந்தால், பொருட்கணக்கில் கழிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். மாணவர் வீட்டிலிருந்து கிடைக்கும் இரண்டு நிமிடப் பதிவை வகுப்பில் ஒலிக்கவிட்டு, புரியாத ஐந்து சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவற்றின் பொருளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் செய்யுங்கள். கேட்டல், பேச்சு, எழுத்து மூன்றும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும். தாத்தாவிடம் பேரப்பிள்ளை தமிழில் கேள்வி கேட்பதும் நடந்துவிடும். இதைவிடச் சிறந்த வீட்டுப்பாடம் உண்டா?

வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு நாடா. அதிலிருந்து தொடங்குவோம். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது மொழியைக் காக்க என்கிறோம். அம்மொழியை நமக்குப் பேசிக் கொடுத்தவர்களின் குரலையும் காப்போமே!

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆசிரியை