தந்தைவழிக் குறியும் தமிழர் தொன்மையும்

தமிழரின் தொன்மை பேசப்படும் மேடைகளிலே அண்மைக் காலமாகப் புதியதொரு சான்று எடுத்தாளப்பட்டு வருகின்றது. முன்னர்க் கடல்கொண்ட கண்டத்தைச் சான்று காட்டியோர் இன்று குருதியைச் சான்று காட்டுகின்றனர். மதுரைக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றைச் சேர்ந்த ஒருவரிடம் ‘எம் 130’ எனும் அரிய தந்தைவழிக் குறி காணப்பட்டது. அக்குறி ஆபிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மாந்தரின் தொடக்ககால வழித்தோன்றல்களுக்கு உரியது. ஆகவே முதல் இந்தியன் தமிழன். ஆகவே இந்நிலப்பரப்பின் முதலுரிமையும் தமிழனுக்கே என்பது அவர்தம் வாதம். இந்நான்கு கூற்றுகளுள் முதலிரண்டுக்கும் அறிவியலில் இடமுண்டு. பின்னிரண்டுக்கும் எள்ளளவும் இடமில்லை. இடமில்லாதது மட்டுமன்று, ஈழத்துத் தமிழருக்கு அவை தீங்கு பயப்பனவுமாகும்.

தந்தைவழிக் குறி என்பது யாது? ஆணின் உயிர்க்கலங்களில் உள்ள வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஏனைய நிறமூர்த்தங்கள் தலைமுறைதோறும் தாய்வழியும் தந்தைவழியும் கலந்து மாற, வை நிறமூர்த்தத்தின் பெரும்பகுதி கலப்பின்றியே கைமாறுகின்றது. எப்போதோ ஒருவனிடத்தில் அதில் ஒரு விகாரம் தோன்றுமாயின், அவனுடைய ஆண்வழியினர் அனைவரும் அதனைச் சுமப்பர். எம் 130 அத்தகையதொரு விகாரம். ஆய்வாளர் ‘சி’ எனப் பெயரிட்டுள்ள பெருங்கிளையின் அடையாளம் அது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. 2001 ஆம் ஆண்டில் ஸ்பென்சர் வெல்ஸ் முதலானோர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனையும் உள்ளடக்கிய குழுவாக, யூரேசிய மக்களின் தந்தைவழிக் கிளைகள் பற்றிய விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். மதுரையிற் கண்ட எம் 130 குறி, மனிதர் இந்தியக் கரையோரமாக நடந்து அவுஸ்திரேலியாவை அடைந்தனர் என்னும் கருத்துக்கு அரண் செய்வதாக வெல்ஸ் கருதினார். 2003 இல் ஒளிபரப்பான விவரணப்படம் அதனை உலகறியச் செய்தது. அவர் சொன்னது மனிதர் நடந்த வழியைப் பற்றி. நம்மவர் கேட்டதோ நிலத்துக்கான உறுதியை.

எம் 130 தமிழரின் தனிச்சொத்தாயின் வாதத்துக்குச் சிறிதேனும் வலுவிருக்கும். அவுஸ்திரேலியப் பழங்குடியினரிடையே அக்குறியின் ஒரு கிளை உண்டு. யப்பானில் ஒரு கிளை உண்டு. மங்கோலியரிடையிலும் கசாக்கியரிடையிலும் எம் 217 எனும் அதன் உட்கிளை பெருவழக்காக உள்ளது. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேடனொருவனின் எலும்பிலும் இக்கிளையே இருந்ததென 2014 இல் அறியப்பட்டது. தென்னாசியாவிலோ அது அருகியே காணப்படுகின்றது. எம் 130 உடையவன் தமிழனெனின் செங்கிஸ்கானின் படையினருள் எத்தனையோ பேர் தமிழராவர். எம் 130 இல்லாதவன் தமிழனல்லனெனின் தமிழருள் மிகப் பெரும்பாலார் தமிழராகார். இவ்விரண்டில் எதனை ஏற்பது என்பதை அவ்வாதத்தினரே கூறுதல் வேண்டும்.

அருமையும் பழைமையும் ஒன்றெனக் கொள்வது இவர்களின் அடிப்படைப் பிழை. ஒரு குறி ஓரிடத்தில் அருகி இருப்பதற்குக் காரணங்கள் பல. ஆண்மக்களைப் பெறாத குடும்பத்தில் ஒரு தந்தைவழி அத்தலைமுறையோடு அற்றுப்போகின்றது. சில தலைமுறைகளில் தற்செயலாகவே சில வழிகள் பெருகவும் சில மறையவும் காண்கிறோம். தம் குழுவினுள்ளேயே மணவினை கொள்ளும் சாதியமைப்பு, எங்கோ அருகிய குறியொன்றை ஓரூரில் திரளச் செய்யவும் வல்லது. அவ்வாறு திரண்டதைக் கண்டு குலப்பெருமை பேசுவோர், சாதிக் கட்டுப்பாட்டின் விளைவையே சாதிக்குச் சான்றாக்குகின்றனர். இன்று வாழும் எந்த ஆணின் தந்தைவழியும் ஏனையோரின் தந்தைவழிக்கு ஒரு நாளேனும் இளையதன்று. எல்லா வழிகளும் பின்னோக்கிச் சென்று ஒரே மூதாதையிடம் முடிவன. வேறுபடுவது கிளை பிரிந்த காலம் மட்டுமே.

குறியொன்றைக் கண்டவுடன் பெருங்கதை புனைவதன் பயன் என்னவென்பதற்கு இதே கிளையின் வரலாற்றில் இரு படிப்பினைகள் உள்ளன. இந்தியாவிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியாவுக்கு மக்கள் பெயர்ந்தனர் என்பதற்குத் தந்தைவழிக் குறி சான்று என 2002 இல் ஓர் ஆய்வு கூறியது. 2016 இல் அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் வை நிறமூர்த்தங்கள் முழுமையாக ஆராயப்பட்டபோது, அவர்தம் வழிகள் தென்னாசிய வழிகளிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 50,000 ஆண்டுகளாகின்றன எனத் தெளிவாயிற்று. பசுபிக் சமுத்திரத்திலிருந்து காஸ்பியன் கடல் வரையான நிலப்பரப்பில் ஆடவருள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் ஒரே தந்தைவழியினர் என்றும், அவ்வழி செங்கிஸ்கான் குடும்பத்ததாகலாம் என்றும் 2003 இல் எழுதப்பட்டது. அது சாதாரண மங்கோலியரின் வழியே என 2018 இல் வேறோர் ஆய்வு மறுத்தது. அறிவியல் தன் முடிவைத் திருத்திக்கொள்ளத் தயங்குவதில்லை. நேற்றைய முடிவின்மீது இனப்பெருமையைக் கட்டியெழுப்பியவனோ திருத்தம் வரும்போது அறிவியலையே பகைக்கின்றான்.

இனி மொழியை நோக்குவோம். திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என 2018 இல் வெளியான மொழியியல் ஆய்வொன்று கணித்தது. அக்கணக்கு இரட்டிப்பாயினும், எம் 130 தோன்றிய காலத்து மனிதன் தமிழ் பேசியிருத்தல் இயலாது. மொழி குருதியில் ஓடுவதன்று, கற்கப்படுவது, கைவிடவும்படுவது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, பாடசாலை வழியாலும் தேவாலய வழியாலும் ஓரிரு தலைமுறைகளிலே சிங்களம் பேசுவனவாயின. பாட்டனின் வை நிறமூர்த்தம் பேரனிடம் மாறாதிருக்கின்றது. பாட்டனின் மொழியோ பேரனிடம் இல்லை.

மேலும், இக்குறி தந்தையை மட்டுமே அறியும். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவனுக்கு உரிய மூதாதையர் இடங்கள் 1,024. வை நிறமூர்த்தம் அவற்றுள் ஒன்றையே சுட்டும். எஞ்சிய 1,023 இடங்களுக்குரியோர் யாருமில்லாதவராயினரோ? பெண்ணிடம் வை நிறமூர்த்தமே இல்லை. இச்சான்றின்படி தமிழ்ப்பெண் எதனால் தமிழச்சியாவாள்? மட்டக்களப்பிலே முக்குவர் முதலானோர் குடியைத் தாய்வழியாகவே கணிக்கின்றனர். தாயின் குடியே பிள்ளையின் குடி. அம்மக்களிடம் சென்று தந்தைவழிக் குறியைக் காட்டிக் குடி கூறப் புகுவோன் நகைப்புக்கிடமாவான்.

“எதிர்த்தரப்பார் விசயன் கதையைக் காட்டி வடஇந்தியக் குருதி பேசும்போது நாம் வாளாவிருப்பதா?” என வினவுவோர் உளர். வினா நியாயமானதே, ஆயின் ஒரு பொய்யை மற்றொரு பொய்யால் வெல்லவியலாது. சிங்களவரும் இலங்கைத் தமிழரும் பிறப்புரிமை அடிப்படையில் மிக நெருங்கியவர் என்பதை 2023 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அவ்வுண்மையே விசயன் கதைக்குப் போதிய விடை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையிலே ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் அம்பெய்து வேட்டையாடியோர் சிங்களவருமல்லர், தமிழருமல்லர். முன்வந்தோனுக்கே நிலமெனின் இவ்விரு சாராரும் அக்குகைவாசிகளிடம் அனுமதி பெற வேண்டியவராவர்.

குருதி மனிதரைப் பிரித்துக் காட்டுமா என்பதற்குக் கொழும்பு வீதிகளே 1983 யூலையில் விடை தந்தன. வெள்ளவத்தையிலும் இரத்மலானையிலும் தமிழரைத் தேடித் திரிந்த வன்முறையாளருக்கு முகத்தைப் பார்த்துத் தமிழரை இனங்காண முடியவில்லை. வாக்காளர் இடாப்பைக் கொண்டு வீடுகளை அறிந்தனர். வழிமறித்தவரிடம் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு பணித்து, நாவின் பிறழ்ச்சியைக் கொண்டு இனத்தைத் தீர்மானித்தனர். சொல்லைத் திருத்தமாகச் சொன்னவன் பிழைத்தான். கொல்ல வந்தவனுக்கே புலப்படாத வேற்றுமையை நம்மவர் ஆய்வுகூடத்தில் தேடிப் பெருமைகொள்வது எத்துணை அவலம்! இரத்மலானை விமான நிலையக் கட்டடங்களிலும் இந்துக் கல்லூரியிலும் தஞ்சம் புகுந்து, பின் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்ற மக்கள் தம் குருதியாலன்று, தம் பெயராலும் மொழியாலுமே அகதிகளாக்கப்பட்டனர்.

அவர்களுள் மீண்டு வந்து இவ்வூரில் மறுபடியும் அடுப்பு மூட்டியோரின் உரிமைக்கு எம் 130 தேவையில்லை. அவர்கள் இங்கு வாழ்கின்றனர், உழைக்கின்றனர், இந்நாட்டின் குடிகள், அதுவே போதும். ஐம்பதாயிரம் ஆண்டுக் குறியைக் காட்டித்தான் உரிமை கோருவோமெனின், குறி இல்லாதவனுக்கு உரிமையில்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டவராவோம். நாளை மலையகத் தோட்டத் தொழிலாளியை நோக்கி, 200 ஆண்டுகளுக்கு முன் வந்தவன் எனக் கூறி அதே அளவுகோலை ஒருவன் நீட்டும்போது, அதனை மறுக்க நம்மிடம் நா இராது. 1948 இல் அவர்தம் குடியுரிமை பறிக்கப்பட்டதும் இத்தகையதோர் அளவுகோலாலேயே. தந்தைவழிக் குறியை மனித இனத்தின் நெடும்பயணத்தை ஆராய்வோரிடம் விட்டுவிடுவோம். உரிமையை வாழ்விலிருந்தும் நீதியிலிருந்தும் கோருவோம்.