கண்ணாடி பாத்ரூமும் என் மச்சினனும்

பி.காம். படித்ததில் எனக்கு இன்றைக்கும் மறக்காத பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு சொத்தில் இருந்து எதையாவது எடுத்தால் அதன் மதிப்பு குறையும். மூன்று வருஷம் இதைத்தான் விதவிதமாகக் கணக்குப் போட்டோம்.

இந்தப் பாடம் செல்லுபடியாகாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது சார். அதற்குப் பெயர் 'டிசைன் ஹோட்டல்'!

அலமாரியை எடுத்துவிட்டு, சுவரில் நாலு கொக்கி அடித்து ஹாங்கர் மாட்டுவார்கள். வாடகை ஏறும். நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு மரப்பெட்டி போடுவார்கள். இன்னும் ஏறும். சுவருக்குப் பெயின்ட் அடிக்காமல் சிமென்ட்டாகவே விட்டுவிட்டால்... அது 'இண்டஸ்ட்ரியல் லுக்'! நம்ம ஊரில் பணம் பத்தாமல் பாதியில் நிற்கிற வீடெல்லாம் இந்த லுக்தான். அது தெரியாமல் எத்தனை பேர் டாப்-அப் லோனுக்கு பாங்க் மேனேஜரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

நான் தங்கியது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருப் பக்கம். மச்சினனுக்கு அங்கே ஆபீஸ் ட்ரெயினிங். "ரூம்ல ரெண்டு பேர் தங்கலாமாம் அத்தான். நீங்க டிக்கெட் மட்டும் போட்டுக்கிட்டு வாங்க" என்றான். போட்டோ காட்டினான். மஞ்சள் விளக்கு, சிமென்ட் சுவர், தொங்குகிற ஒரு செடி. ரூமின் அளவு போட்டோவில் தெரியாது. அதுதான் போட்டோகிராபரின் திறமை.

நேரில் போனால் 10 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 108 சதுர அடி. ராசியான நம்பர்தான், ஆளுக்கொரு தேங்காய் உடைக்கலாம். ஆனால், தேங்காய் உடைக்கக் கையை ஓங்கினால் சுவரில் இடிக்கும். ஒரு ராத்திரிக்கு 120 வெள்ளி, அதாவது எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். சதுர அடிக்கு எழுபத்தைந்து ரூபாய்.

விஷயம் அதுவல்ல. பாத்ரூமுக்கு நாலு பக்கச் சுவரில் இரண்டு பக்கம் கண்ணாடி. பனி படர்ந்த மாதிரி மங்கலான கண்ணாடி என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். கடலைமிட்டாய் பாட்டில் மாதிரி பளிச்சென்ற கண்ணாடி!

புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குச் சரி. அத்தானும் மச்சினனும் என்ன சார் செய்வது? நான் அவனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். "அத்தான், கொஞ்சம் வெளிய காத்தாட நடந்துட்டு வர்றீங்களா?" என்றான்.

ரிசப்ஷனில் இருந்த சீனப் பையனிடம் காரணம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். இதெல்லாம் பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு. முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வர முன்பக்கம், பின்பக்கம், நடுவில் ஒரு முற்றம், அவ்வளவுதான். 1989-ல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, முகப்பில் புதிதாக ஒரு ஜன்னல்கூடத் திறக்க முடியாது. அதனால் நடுவில் மாட்டுகிற ரூமுக்கு ஜன்னலே இல்லை. பாத்ரூமுக்கும் சுவர் வைத்தால் பீரோவுக்குள் படுத்த மாதிரி இருக்கும். கண்ணாடி வைத்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

நியாயம்தான். மானம் போனாலும் கொஞ்சம் இடம் மிச்சம்!

இந்த வித்தையில் அங்கே பேர் வாங்கியவர் லோ லிக் பெங் என்ற வக்கீல். 2003-ல் சைனாடவுன் கியோங் சாய்க் ரோட்டில், அப்போது அத்தனை நல்ல பேர் இல்லாத தெருவில், 1929-ம் வருஷத்துக் கடைவீடுகளை வாங்கி 'ஹோட்டல் 1929' என்று ஆரம்பித்தார். தான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். ரூம் சின்னதுதான், ஆனால் வாசலில் தெரு இருக்கிறதே! அந்தத் தைரியம்தான் முதலீடு.

மச்சினன் குளிக்க ஆரம்பித்த நேரத்தில் இது எனக்கு நன்றாகவே விளங்கியது. இந்த மாதிரி ஹோட்டலில் விற்பது படுக்கையை மட்டும்தான். ஹால், சாப்பாட்டு ரூம், பால்கனி எல்லாவற்றையும் தெருவில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாசலிலேயே மூடாக்குப் போட்ட நடைபாதை. வெயில், மழை படாமல் ஜனங்கள் நடக்க ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் தாழ்வாரம் விட வேண்டும் என்று 1822-ல் ராஃபிள்ஸ் துரை போட்ட உத்தரவு. மலாயில் காக்கி லீமா, ஐந்தடி. அந்த ஐந்தடியிலேயே மல்லிகைப்பூ, வெற்றிலை, பழைய சினிமாப் பாட்டு எல்லாம் கிடைக்கிறது. நாலு எட்டு வைத்தால் சிராங்கூன் ரோடு. 1947-ல் இருந்து தோசை வார்க்கும் கோமள விலாஸ். அந்தப் பக்கம் வீரமாகாளியம்மன் கோயில் மணி. எட்டாயிரம் ரூபாயில் ஏழாயிரம் இதற்குத்தான். பில்லில்தான் அப்படிப் போடுவதில்லை.

நான் இறங்கின அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்ம ஊர்ப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள்... தீவில் இருக்கிற கட்டுமான வேலைக்காரர்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான். ஊருக்குப் பணம் அனுப்ப, பார்சல் கட்ட, நம்ம பாஷையில் நாலு வார்த்தை திட்டிக்கொள்ள. நானும் லெம்பு ரோட்டுத் திறந்தவெளியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். (லெம்பு என்றால் மாடு. அந்தக் காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த பேட்டை.)

பக்கத்தில் ஒரு தம்பி. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம். வந்து ஏழு வருஷம் ஆகிறது. பூச்சு வேலை.

"எங்கண்ணே தங்கியிருக்கீங்க?"

சொன்னேன். போனில் ரூம் போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பூசிட்டு பெயின்ட் அடிக்காம ஓடிட்டானுவளா?"

"இல்ல தம்பி, அதான் டிசைன்."

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். "பூசினவன் ஒழுங்கா தண்ணி அடிக்கலண்ணே."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"செவுத்துக்குண்ணே! பூச்சு காயறப்ப தண்ணி அடிச்சிக்கிட்டே இருக்கணும். அடிக்காததுனால பாருங்க, முடி மாதிரி வெடிப்பு."

மனுஷர்கள் தண்ணி அடிக்கிற கதையும் அங்கே உண்டு. 2013 டிசம்பரில் பக்கத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பஸ் மோதி ஒரு தமிழ்த் தொழிலாளி செத்துப்போனார். அதைத் தொடர்ந்து கலவரம். 2015-ல் சட்டம் வந்தது. சனி, ஞாயிறு இந்தப் பேட்டையில் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஹோட்டல் பாரில் கண்ணாடிக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். உள்ளே குடித்தால் டிசைன், தெருவில் குடித்தால் ஃபைன்.

"ரூம் எவ்ளோ பெருசுண்ணே?" என்றார் தம்பி.

"பாத்ரூமோட சேர்த்துப் பத்து சதுர மீட்டர். ரெண்டு பேர்."

"எங்கள்து பன்னெண்டு பேர். ரெட்டை மாடிக் கட்டில்."

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? கொரோனாவுக்கு அப்புறம் 2021-ல் விதி போட்டார்கள். புதுசாகக் கட்டும் டார்மிட்டரியில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். தம்பி இருப்பது பழசு. பழசுகளுக்கு ஆளுக்கு 3.6 என்று 2030 வரை கெடு. எங்கள் ரூமில் பாத்ரூமைக் கழித்தால் ஏழரை. (ஆமாம், ஏழரையேதான்!) இரண்டால் வகுத்தால் 3.75.

தம்பியிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதாண்ணே!"

நானும் சிரித்தேன். "எனக்கு நாலே நாள் தம்பி" என்றேன். அதை அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. ஊரில் இருந்து வீடியோ கால் வந்துவிட்டது. குட்டிப் பெண் குரல். போனைத் திருப்பித் திருப்பி மரம், கடை, லைட், என்னை எல்லாம் காட்டினார். "இது யாருப்பா?" என்றது அது. "ஊர்லேருந்து வந்திருக்கிற பெரியப்பாடா" என்றார். ஏழு வருஷத்தில் அவர் அந்தப் பெண்ணோடு இருந்தது மொத்தம் நாலு மாசமாம்.

என் போனும் அடித்தது. "அத்தான், குளிச்சிட்டேன். வரலாம்."

"மச்சினன்" என்று எழுந்தேன். கண்ணாடி பாத்ரூம் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒருத்தர் குளிச்சா இன்னொருத்தர் வெளிய வரணுமா? எங்களுக்குக் காலைல நாலரைக்கு வரிசைண்ணே" என்றபடி அவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பத்தடி போனவர் திரும்பி வந்தார்.

"அண்ணே, அந்தச் செவுத்துப் போட்டோவ எனக்கு அனுப்புங்க. ராத்திரிக்கு எவ்ளோன்னும் போட்டு அனுப்புங்க. போன மாசம் இப்படி ஒரு செவுத்துக்கு எங்க சூப்பர்வைசர் மொத்தத்தையும் ஒடச்சு மறுபடி பூச வெச்சாரு. காட்டணும்."