ஸ்பிரிங்கை வெட்டாதீங்க மக்களே!

மக்களே, ஒரே ஒரு கேள்வி. தினமும் காலேஜுக்கும் வீட்டுக்கும் ஓட்டுற ஸ்விஃப்ட்டை எதுக்குங்க தரையோட ஒட்ட வைக்கிறீங்க?

"கார் இறங்கினா வளைவுல சும்மா பிச்சுக்கும்"னு சொல்றாங்க. பாதி உண்மை. புவியீர்ப்பு மையம் இறங்கினா நல்லதுதான். ஆனா ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினா அது குட்டையாவது மட்டுமில்லை, விறைப்பாவும் ஆயிடும். கம்பெனி ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செஞ்சது. புது விறைப்பை அதால அடக்க முடியாது. பள்ளம் வந்தா பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும், டயர் துள்ளும். டயர் தரையில் இல்லாதப்போ பிரேக் போட்டு என்ன பிரயோஜனம்? உயிர் விஷயம் சாமி!

கணக்கையும் பாருங்க. 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி கட்டின வேகத்தடையே 100 மி.மீ. உயரம். 40 மி.மீ. இறக்கிட்டு நாலு பேரை ஏத்தினா மிச்சம் என்ன? அதுவும் நம்ம தெருவில் விதியைப் படிச்சுட்டா வேகத்தடை கட்டுறாங்க?

காசு இருந்தா முதலில் நல்ல டயர். அடுத்து தேய்ஞ்ச புஷ், எண்ணெய் கசியுற ஷாக் அப்சார்பர். அப்பவும் ஆசை அடங்கலையா? ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தின செட்டா வாங்குங்க, 20 மி.மீ.யோட நிறுத்திக்குங்க. மாட்டின கையோட வீல் அலைன்மென்ட் பாருங்க.

நாலு பேர் திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதானே? ஸ்டிக்கர் ஒட்டுங்க. பின்சீட்டில் உட்கார்ற அம்மாவுக்கு முதுகாவது மிஞ்சும்.