உங்கள் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

நெய்வேலி இந்திரா நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு ஷிப்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அவர் படுத்துவிட்டால் வண்டி வாசலில் சும்மா நிற்கும். இவருக்கோ அதை ஓட்டத் தெரியாது. சின்னவளுக்கு ஜுரம் என்றாலும், வீட்டில் பால் இல்லை என்றாலும் அவர் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். "ஒரு சைக்கிள் வாங்கிக்கறேன்னா, 'முப்பத்திரண்டு வயசுல சைக்கிளா?'ன்னு மாமியார் சிரிக்கிறாங்க. என்ன மாதிரி வண்டி வாங்கலாம், எப்படிப் பார்த்துக்கணும், குழந்தைங்களோட வெளியூர் போக முடியுமா, எல்லாம் எழுதுங்கக்கா" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் வாங்குங்கள். நம் டவுன்ஷிப்பைப் போலச் சைக்கிளுக்குத் தோதான ஊர் கிடைப்பது அரிது. மேடு பள்ளம் கிடையாது. வட்டத்துக்கு வட்டம் நேர்நேரான சாலை. மரநிழலில் கொஞ்சத்தை 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயல் சாய்த்துவிட்டுப் போனது என்றாலும், மிச்சம் இருப்பதே மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு இருக்கிறது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாமே நடந்தால் தூரம், சைக்கிளில் போனால் பக்கம்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதை எழுத்தறிவோடு சேர்த்தே வைத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். 'அந்தக் கம்பிமேல குழந்தையை உட்கார வெச்சுக்கலாமே' என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

அவர்களுக்கு வேறு வழியில்லை, ஓட்டினார்கள். உங்களுக்குப் பொறுக்கி எடுக்க வழியிருக்கிறது. 2020-ல் மூடப்பட்ட முதல் அனல்மின் நிலையத்துக்கு மாமனார் ஓட்டிப் போன கனமான 28 அங்குலச் சைக்கிள் ஷெட்டில் நிற்கிறது என்பதற்காக, 'இதையே ஓவராயில் பண்ணி வெச்சுக்கோயேன்' என்பார்கள். வேண்டாம். உயரம் பொருந்தாத சைக்கிள் எத்தனை உயர்ந்த கம்பெனியாக இருந்தாலும் ஆபத்துதான். அவசரத்தில் கால் ஊன்ற முடியாது; சேலையோடு அந்தக் கம்பியைத் தாண்டி இறங்கவும் முடியாது.

ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு 24 அங்குலச் சக்கரம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 26 அங்குலம் என்பது உத்தேசக் கணக்கு. கடையில் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் லேசாக மடங்க வேண்டும். சீட்டு இதற்கும் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி வரும். 'சைக்கிள் ஓட்டினா முட்டி தேஞ்சிடும்' என்று சொல்லும் பல பேருடைய சீட்டு ஒரு சாண் தாழ்ந்திருப்பதைப் பார்க்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டும் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி முதல் சில வாரம் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

அடுத்தபடி பிரேக். ஹாண்டில்பாரைப் பிடித்தபடியே விரல்கள் பிரேக் பிடிக்கு எட்டுகின்றனவா பாருங்கள். குழந்தைகளுக்கு வாங்கும்போதும் இதே சோதனைதான். 'வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரும்' என்று பாவாடை தைப்பது போலச் சைக்கிள் வாங்கக் கூடாது. அளவு பெரிதான பாவாடையை மடித்துத் தைக்கலாம். கைக்கு எட்டாத பிரேக்கை என்ன செய்வது?

கியர் வண்டி வேண்டுமா என்றால், நம் சமவெளிக்குத் தேவையே இல்லை. அதற்குக் கம்பியும் ஸ்பிரிங்குமாகப் பராமரிப்பு அதிகம். ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் முதல் லூதியானா கம்பெனிகள் வரை எல்லாரும் லேடீஸ் சைக்கிள் போடுகிறார்கள். உங்கள் தெருமுனைக் கடையில் எந்தக் கம்பெனிக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்று விசாரித்து அதை வாங்குங்கள். வீட்டில் பெண்ணுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவசச் சைக்கிள் இருந்து, அவள் இப்போது கல்லூரி பஸ்ஸில் போகிறாள் என்றால் கடைக்கே போக வேண்டாம். புது டயர், புது பிரேக் கட்டை போட்டு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். பின்னால் உட்காரும் குழந்தையின் கால் சக்கரத்துக்குள் போவது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. குழந்தை தூங்கி வழியும்போது, அல்லது வேடிக்கை பார்த்துக் காலை ஆட்டும்போது, ஒரு நொடியில் ஆகிவிடும். ஆகவே சைக்கிள் வாங்கிய அன்றே பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலை அல்லது தகட்டுக் கார்டு போடச் சொல்லுங்கள். லேடீஸ் சைக்கிளில் இடப் பக்கம் மட்டும் சேலை கார்டு இருக்கும். அது குழந்தைக்குப் போதாது. கால் வைக்கப் பலகையும், இடுப்புப் பட்டையும் உள்ள குழந்தை சீட்டு நல்லது. ஒரு வயது நிரம்பி, கழுத்து நன்றாக நின்று, தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தையைத்தான் ஏற்ற வேண்டும். தலைக்கு அளவான ஹெல்மெட் போடுங்கள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் ஒரு நிமிஷம் கூடப் போகாதீர்கள்.

அப்படியும் கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சக்கரத்தை மெள்ளப் பின்னோக்கிச் சுழற்றி விடுவியுங்கள். வரவில்லையென்றால் கம்பியை வெட்டச் சொல்லுங்கள், கம்பி போனால் போகிறது. காயத்தைச் சுத்தமான குழாய்த் தண்ணீரில் கழுவி, துணியால் மூடி டாக்டரிடம் கொண்டு போங்கள். மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். வெறும் சிராய்ப்பு மாதிரித்தான் தெரியும். உள்ளே சதை நசுங்கியிருந்தால் இரண்டு நாள் கழித்தே தோல் கறுக்கும். எலும்பு முறிவும் இருக்கலாம். 'சிராய்ப்புதானே' என்று வீட்டிலேயே வைத்திருந்து புண் பெரிதாகி வரும் குழந்தைகள்தான் அதிகம் கஷ்டப்படுகின்றன.

உங்கள் உடைக்கும் இதே எச்சரிக்கை. முந்தானையை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவின் இரண்டு முனையையும் பின்னால் முடிச்சுப் போடுங்கள். செயினுக்கு முழு கவர் இருக்கட்டும். பிரசவமானவர்கள் ஆறு வாரம் கழிந்து டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறலாம். சிசேரியன் என்றால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கும்.

பராமரிப்பு என்றதும் மலைக்காதீர்கள். தையல் மெஷினை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. வாரம் ஒருமுறை டயரை அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கல் மாதிரி இருக்க வேண்டும். எத்தனை காற்று என்று டயரின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். காற்றுக் குறைவாக ஓட்டினால் குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி ஓட்டையாகும். 'பஞ்சர் இல்லேங்கறாங்க, ஆனா காத்து நிக்க மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் வால்வைப் பாருங்கள். அதன்மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய் நம் வெயிலுக்கு இற்றுப்போய்விடும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வரும். சில்லறைக் காசில் கிடைக்கும் அந்த ரப்பரை இரண்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நாளாவட்டத்தில் பிசினாகி, தூசியை ஒட்டவைத்து, செயினை அரம் போல ராவிவிடும். நம் ஊர் செம்மண்ணுக்கும் கரித்தூளுக்கும் கேட்கவே வேண்டாம். பழைய துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். பெடலை நாலு சுற்றுச் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்தான் வேலை செய்யும். ரிம்மில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பிடிக்காது. உடனே சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோமல்லவா, அன்றைக்கே பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள். தேய்ந்து, வரிப்பள்ளம் மறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த வாரமே ஐப்பசி மழை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. மழையில் கொஞ்சம் முன்னதாகவே லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தை வழித்துவிட்டு, பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்துங்கள். மழைக்காலம் முடிந்து, பொங்கலுக்கு முன் ஒரு ஓவராயில். பால்ரஸ் குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தின் கோட்டம் எடுப்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அது நமக்குச் சரிப்படாது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் பழைய குண்டையே துடைத்துப் போடமாட்டார்!

இனி வெளியூர். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு ராத்திரி வெளியே தங்கி வருவது குழந்தைகளுக்கு எத்தனை சந்தோஷம் என்று ஒருமுறை போனால் தெரியும். முதல் ஒத்திகையைக் குவார்ட்டர்ஸ் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பலாமரத்தடியில் டெண்ட் அடித்து ஒரு ராத்திரி படுத்தாலே எது தேவை, எது வீண் சுமை என்று புரிந்துவிடும். (பலா காய்க்கும் காலத்தில் மரத்தை விட்டுத் தள்ளியே அடியுங்கள்.) கொசுவலை, டார்ச், கீழே விரிக்கத் தார்ப்பாய் மூன்றும் அவசியம். காலையில் செருப்பை உதறிப் போடும் பழக்கத்தையும் அன்றே சொல்லிக்கொடுங்கள்.

முதல் பயணத்துக்கு வடலூர் போதும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவர்களுக்கு அங்கே சாப்பாடு உண்டு. 1872-ல் எழும்பிய சத்திய ஞான சபையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துக்கும் மிதித்துப் போய் வரலாம். தங்குவதற்கு உறவினர் வீட்டுத் தோட்டமோ களமோ கிடைத்தால் டெண்ட். இல்லாவிட்டால் லாட்ஜ் அறை. கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முந்திரித் தோப்பில், காய்க்கிற பருவத்தில் தங்க வேண்டாம். கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துவிடும், மருந்தும் அடித்திருப்பார்கள்.

நெடுஞ்சாலையில் லாரிப் போக்குவரத்து அதிகம். நன்றாக விடிந்த பிறகு கிளம்பி வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள், ஒருவர் பின் ஒருவராக. பத்து வயதுக்கு உட்பட்டவர்களை அந்தச் சாலையில் தனிச் சைக்கிள் ஓட்ட விடாதீர்கள். பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கட்டும். மார்கழி, தை, மாசிதான் ஏற்ற காலம்.

சுமையைக் கேரியரின் இரு பக்கமும் சரிசமமாக, கனமானது அடியில் இருக்கும்படி கட்டுங்கள். ஹாண்டில்பாரில் பை தொங்கினால் திருப்பத்தில் வண்டி இழுக்கும். பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு ஸ்பானர், அந்த வால்வு ரப்பர். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் வறுத்த கடலையும். வெயிலில் யாருக்காவது தலை சுற்றி, கால் குரக்களி பிடித்தால் நிழலில் உட்கார வைத்து, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்புக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்பு அதிகமானால் கெடுதல். கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது.

திரும்பி வந்த களைப்பில் ஈர டெண்டைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள், பூசணம் பூத்துவிடும். கொடியில் ஒரு நாள் காய்ந்த பிறகே மடியுங்கள். இந்திரா நகர் சகோதரி வண்டி வாங்கியதும் மறக்காமல் எழுத வேண்டும். என்ன நிறம் என்பதையும் சேர்த்து!