அடித்த பிறகும் ஓடி வருகிறானே!

“அடிச்சாலும் அஞ்சு நிமிஷத்துல அம்மான்னு மடியில வந்து விழுந்துடுவான். மனசுல எதையும் வச்சுக்கவே மாட்டான்.” பள்ளி வாசலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் எங்கும் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று யாராவது முடித்துவைக்கிறார்கள். பிள்ளை திரும்பி வந்துவிட்டான், அதனால் அடி அவனை ஒன்றும் செய்யவில்லை என்று நமக்கு நாமே சான்றிதழ் எழுதிக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழ் செல்லாது, பெற்றோர்களே.

அமெரிக்காவில் ரெஜினா சல்லிவன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனையைக் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத, கண் திறக்காத குஞ்சு. அதற்கு ஒரு வாசனையைக் காட்டுகிறார்கள். கூடவே லேசான மின் ஷாக். பிறகு இரண்டு பக்கமும் வழி உள்ள பாதையில் விடுகிறார்கள். ஒரு பக்கம் அந்த வாசனை. குஞ்சு எந்தப் பக்கம் போக வேண்டும்? விலகித்தானே? இல்லை. வயிற்றை இழுத்துக்கொண்டு அந்த வாசனையை நோக்கியே ஊர்ந்து போகிறது.

வலி தெரியாமல் அல்ல. ஷாக் பட்டால் அதுவும் துடிக்கிறது. ஆனால் அந்த வயதில் தாயை விட்டால் பாலும் இல்லை, சூடும் இல்லை. தாய் எப்படிப்பட்டவளாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டால்தான் உயிர். அதற்கேற்றபடியே மூளை அமைந்திருக்கிறது: பயத்தைக் கற்றுத்தரும் அமிக்டலா என்ற பகுதி அந்த நாட்களில் இந்தப் பாடத்தில் கலந்துகொள்வதே இல்லை. பத்து நாள் தாண்டி நடக்கத் தொடங்கிய குஞ்சு ஷாக் வாசனையை விட்டு விலகக் கற்றுக்கொள்கிறது. அப்போதும் தாய் பக்கத்தில் இருந்தால், சில நாட்களுக்கு, மறுபடி அதையே நாடுகிறது!

எலிக்குஞ்சும் நம் பிள்ளையும் ஒன்றல்ல. எலியின் அந்தப் பத்து நாள் நம் குழந்தையின் எந்த வயது என்று நான் கணக்குப் போடவில்லை. நெருங்கி வருவது வலிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று மட்டும்தான் சொல்கிறேன். போக வேறு இடம் இல்லாத உயிர் வேறு எங்கே போகும்?

இப்படி வாசனையோடு ஷாக் பட்ட குஞ்சுகள் பிற்பாடு என்ன ஆயின? விடலைப் பருவத்தில் நீரில் விட்டபோது, மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் நீந்துவதைக் கைவிட்டு அசையாமல் மிதந்தன. வளர்ந்த பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. குஞ்சாக இருந்தபோது ஷாக்குடன் வந்த அதே வாசனையைக் காட்டினால் அந்தச் சோர்வு குறைந்தது. எங்கப்பா பெல்ட்டால் அடித்ததால்தான் நான் உருப்பட்டேன் என்று வளர்ந்த மனிதர்கள் கண் கலங்கிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இதுவரை அடித்தாயிற்று, இனி என்ன செய்ய என்று கேட்பீர்கள். வேறொரு வகைத் துன்பத்தில் கிடைத்த விடை உண்டு. பிறந்த இரண்டு வாரம் தினமும் தாயிடமிருந்து சில மணி நேரம் பிரிக்கப்பட்ட குஞ்சுகளை, பால்குடி மறந்தபின் விளையாட்டுப் பொருட்களும் கூட்டாளிகளும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தார்கள் கனடாவின் மைக்கேல் மீனி குழுவினர். 2002-இல் வந்த முடிவு: அவற்றின் பதற்றம் மற்ற எலிகளின் அளவுக்கே இறங்கியது. ஆனால் மூளையில் பதிந்த மாற்றம் அழியவில்லை. அதாவது தாமதமாக வரும் நல்ல நாட்களுக்கும் பலன் உண்டு. அதையாவது கொடுங்கள். கை ஓங்கும் கோபம் வந்தால் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். அடித்துவிட்டால், அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் நீங்களே போய், அடித்தது என் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்கிறது. நாமோ ஆசிரியரிடம் போய், “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறோம். சட்டம் கொடுத்த பாதுகாப்பைப் பெற்றவர்களே பிடுங்கலாமா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.